ஒற்றைக் கண்ணோடு ஓடும் கார்: ஹெட்லைட் கோளாறுகளைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் முழு வழிகாட்டி

ஒரு தை மாத இரவு. புதுக்கோட்டையிலிருந்து கிளம்பி, கீரனூர் தாண்டி திருச்சிப் பக்கம் வந்துகொண்டிருந்தோம். வேகம் எழுபதுக்குள்தான். மழை இல்லை, எதிரே வண்டி இல்லை, எனக்குத் தூக்கக் கலக்கமும் இல்லை. பக்கத்தில் இருந்த மனைவி "என்னங்க, முன்னாடி வண்டி நிக்குது!" என்று கத்திய பிறகுதான், கரும்பு ஏற்றி ஓரமாக நின்ற டிராக்டர் டிரெய்லரின் பின்புறம் என் கண்ணில் பட்டது. ரிஃப்ளெக்டர் கிடையாது, விளக்கு கிடையாது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்ததில் தப்பினோம். எதிரே யாராவது வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

டிரெய்லர்காரர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. மறுநாள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது என் வண்டியின் லட்சணம் தெரிந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட், அதுவே பல்பு ஹோல்டரில் 11.6 வோல்ட். நடுவில் இரண்டரை வோல்ட் காணாமல் போயிருந்தது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும்: 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். என் கணக்குக்கு ஏறக்குறைய பாதி வெளிச்சம் போயிருந்தது. இரண்டு லைட்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் என் கண் அதற்குப் பழகிவிட்டது.

அணைந்துபோன லைட் தன் கோளாறைத் தானே சொல்லிவிடும். மங்கிய லைட் சொல்லாது. அதனால் இந்த வழிகாட்டியில் மங்கலைக் கண்டுபிடிப்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எத்தனை மீட்டர் தெரிய வேண்டும்?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. தடையைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 33 மீட்டர் போயிருக்கும். காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு வண்டி நிற்க இன்னும் 36 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். நல்ல நிலையில் இருக்கும் லோ பீம் எனும் தாழ்வான வெளிச்சத்திலேயே, கறுப்புச் சட்டை போட்டு ஓரமாக நடப்பவர் சுமார் 50, 60 மீட்டரில்தான் பிடிபடுவார். அதாவது ஒழுங்கான லைட்டோடு போனாலும் விளக்கில்லாத ரோட்டில் லோ பீமில் 80 என்பது அதிகம். லைட் மங்கி 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால், நிறுத்த முடிகிற வேகம் 45 கி.மீ. மட்டுமே. மழை பெய்தால் அதுவும் குறையும்.

நம் ஊர் ரோட்டில் அந்த 30 மீட்டருக்குள் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டெயில் லைட் இல்லாத மொபெட், படுத்திருக்கும் மாடு, காயப்போட்ட நெல்லுக்கு அணையாக வைத்த கல், பஞ்சராகி நிற்கும் லாரி. நான்குவழிச் சாலையில் நடுவே அரளி வளர்த்திருப்பதால் எதிர் வெளிச்சமாவது கொஞ்சம் மறைகிறது. இருவழிச் சாலையில் அதுவும் இல்லை.

எந்தப் பக்கம் அணைந்தது என்பது முக்கியம்

ஒரு பக்கம் மட்டும் எரியும் காரை ஒத்தக் கண்ணு வண்டி என்போம். "ஒண்ணு எரியுதே, வீடு போய்ச் சேரலாம்" என்பதுதான் வழக்கம். ஆனால் இடது லைட் அணைவதும் வலது லைட் அணைவதும் ஒன்றல்ல.

நாம் ரோட்டின் இடது பக்கம் ஓட்டுகிறோம். எதிரே வருபவருக்கு நம் காரின் எல்லையைக் காட்டுவது ரோட்டின் நடுவை ஒட்டிய வலது லைட்தான். அது அணைந்து இடது லைட் மட்டும் எரிந்தால், ஓரமாக ஒரு பைக் வருகிறது என்று அவர் நினைப்பார். நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது என்று முந்த ஏறுவார். அந்த இடத்தில்தான் நம் காரும், அதன் டிரைவர் சீட்டில் நாமும் இருக்கிறோம். வலது லைட் அணைந்த வண்டியை இருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். இடது அணைந்தால் ஓரமாக நடப்பவர்களும் நிற்கும் வண்டிகளும் தெரியாது. அதுவும் ஆபத்துதான், ஆனால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம்.

ஐந்து நிமிடச் சோதனை

வாரம் ஒரு முறை, அல்லது எந்த இரவுப் பயணத்துக்கும் முன்னால். வீட்டுச் சுவர், மூடிய கடை ஷட்டர், எது இருந்தாலும் சரி, அதற்கு எதிரே காரை நிறுத்துங்கள். லோ பீம், ஹை பீம், பார்க்கிங் விளக்கு, இண்டிகேட்டர் ஒவ்வொன்றாகப் போட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு பிரகாசம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் மஞ்சளாகச் சிவந்திருந்தால் அந்த மஞ்சள் பக்கத்துக்குக் கரன்ட் ஒழுங்காகப் போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, லைட் எரியும்போதே ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்துங்கள். ஐடிலில் மங்கி, ரேஸ் கொடுத்ததும் பளிச்சென்று ஏறினால் பேட்டரி, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரன்ட் தயாரிப்பது), பேட்டரி முனை, எர்த் (கரன்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) இவற்றில் ஒன்று பலவீனம். கடைசியாக இறங்கிப் பின்னால் போய் டெயில் லைட்டையும் பாருங்கள்.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டி.ஆர்.எல். எனும் பகல் விளக்கு இன்ஜின் ஓடினாலே முன்னால் எரியும். டாஷ்போர்டும் எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். நகரத்துத் தெருவிளக்கில் இதைப் பார்த்துவிட்டு ஹெட்லைட் எரிகிறது என்றே நம்பி ஓட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த நேரத்தில் பல கார்களில் பின்னால் ஒரு விளக்கும் எரியாது. டாஷ்போர்டில் ஹெட்லைட்டுக்கான பச்சைக் குறி தெரிகிறதா என்று பார்ப்பதை ஸ்டார்ட் செய்யும்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கோளாறு எங்கே? அறிகுறியிலிருந்து தேடுங்கள்

மெக்கானிக்கிடம் போனதும் "பல்பை மாத்திப் பார்ப்போம்" என்றுதான் முதலில் சொல்வார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அறிகுறியைக் கவனித்தால் காசும் நேரமும் மிச்சம்.

ஒரு பக்கத்தில் லோ பீம் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் பல்புதான். எச்4 எனும் வகை ஹாலஜன் பல்பில் 60 வாட் ஹை பீம் இழையும் 55 வாட் லோ பீம் இழையும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அறுந்த இழை தெரியும். இழை நன்றாக இருந்தால் அந்தப் பக்கத்து ஃபியூஸைப் பாருங்கள். பல கார்களில் இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் உண்டு. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அதே நிறத்தைத்தான் திரும்பப் போட வேண்டும். ஃபியூஸ் மறுபடியும் போனால் ஒயரில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டு அதை அடக்கப் பார்த்தால், உருகுவது ஃபியூஸாக இருக்காது, ஒயராக இருக்கும்.

ஒரே பக்கத்தில் ஹை, லோ இரண்டும் ஒன்றாகப் போனாலோ, இரண்டும் மங்கலாக எரிந்தாலோ அந்தப் பக்கத்து எர்த் மீதும், பல்பின் பின்னால் ஒயரை மாட்டும் கப்ளர் மீதும் சந்தேகப்படுங்கள். எர்த் ஒயர் பாடியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இடத்தில் துரு ஏறியிருக்கும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, திரும்ப இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் வண்டி நிற்கிறது என்றால் இதை வருடம் ஒரு முறை செய்வது நல்லது. ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள்: பிளாஸ்டிக் பழுப்பாகி, தகரப் பின் கறுத்திருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, ஹோல்டரையே மாற்ற வேண்டும். என் வண்டியில் காணாமல் போன இரண்டரை வோல்ட்டில் பாதி அந்தக் கருகிய ஹோல்டரில்தான் இருந்தது. மீதி துருப்பிடித்த எர்த்தில்.

இரண்டு பக்கமும் லோ பீம் ஒன்றாகப் போய், ஹை பீம் எரிகிறது என்றால் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் ஸ்விட்ச்) அல்லது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கம்பினேஷன் ஸ்விட்ச். ரிலேவைச் சோதிக்க எளிய வழி: ஃபியூஸ் பெட்டியில் அதே எண் கொண்ட ஹார்ன் ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். லைட் எரிந்து ஹார்ன் நின்றுவிட்டால் ரிலேதான் குற்றவாளி. சில சமயம் இரண்டு பல்பின் லோ இழையும் உண்மையாகவே போயிருக்கும். ஒன்று போனதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருப்போம். ஒரே நாளில் போட்ட இன்னொன்றும் சில வாரத்தில் போய்விடும். பல்பை எப்போதும் ஜோடியாக மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அடிக்கடி பல்பு போகிறதா? இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். 13.5 முதல் 14.7 வரை இருந்தால் சரி. 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பல்பு மட்டுமல்ல, பேட்டரியும் கொதித்துச் சாகும்.

மங்கலுக்கான சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் ஊசியைச் செருகி, பல்பின் இரண்டு முனைக்கும் நடுவே அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் கெட்ட ஒயரும் முழு வோல்ட் காட்டி ஏமாற்றும். பேட்டரி அளவுக்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் தேடத் தொடங்குங்கள்: மீட்டரின் ஒரு ஊசி பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று பல்பின் எர்த் முனையில். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. இல்லையென்றால் பாசிட்டிவ் வழியில் ஸ்விட்ச், ரிலே, ஹோல்டர்.

மழைக்காலத்தில் எலியையும் மறக்க வேண்டாம். சூடான இன்ஜின் பக்கம் ஒதுங்கி ஒயரைக் கடித்துவைக்கும். காரணமே தெரியாமல் லைட் விட்டுவிட்டு எரிந்தால் ஹெட்லைட் பின்னால் போகும் ஒயரைக் கையால் தடவிப் பாருங்கள், இக்னிஷனை அணைத்துவிட்டு.

கண்ணாடி மஞ்சளித்திருந்தால்

இன்றைய ஹெட்லைட் முகப்பு கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக். வெயில் தாங்க மேலே ஒரு பூச்சு இருக்கும். நம் ஊர் வெயிலில் சில வருடத்தில் அது உரிந்து, பிளாஸ்டிக் மஞ்சளித்துப் புகைபடிந்தாற்போல ஆகும். அமெரிக்காவின் ஏஏஏ எனும் வாகன ஓட்டிகள் அமைப்பு 2018-ல் வெளியிட்ட சோதனையில், அப்படிக் கெட்ட முகப்பு புதிதோடு ஒப்பிட்டால் வெறும் 20 சதவீத வெளிச்சம்தான் தந்தது. புது பல்பு போட்டும் வெளிச்சம் வரவில்லை என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பற்பசை போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் பளபளக்கும், அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்ய ஒரு மதியம் வேண்டும். முகப்பைச் சுற்றி பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுக்கொண்டே ஒரே திசையில் தேயுங்கள். மஞ்சள் பாலாகக் கரைந்து வழியும். அது வெள்ளையாக மாறியதும் 1000, பிறகு குறுக்குத் திசையில் 1500, 2000, 3000 என்று போங்கள். முடிவில் சீரான மங்கல் வெள்ளையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பாலிஷ் போட்டுத் தேய்த்ததும் தெளிந்துவிடும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, வெயிலைத் தாங்கும் யூ.வி. கிளியர் கோட் அடிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டால் சில மாதத்திலேயே பழைய கதைதான்.

முகப்பு தெளிவாக இருந்தும் வெளிச்சம் இல்லை என்றால், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகியோ உரிந்தோ இருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. துணி பட்டாலே மீதியும் வந்துவிடும். முழு ஹெட்லைட்டையும் மாற்றுவதுதான் வழி. வண்டி கழுவிய பிறகு லேசான பனி படிந்து, லைட் போட்டதும் மறைந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் தேங்கி நின்றால், பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை யாரோ சரியாகப் பொருத்தவில்லை.

பல்பு மாற்றும்போது

லைட்டை அணைத்துப் பல்பு ஆறட்டும். கப்ளரை இழுத்து, ரப்பர் மூடியை எடுத்து, கம்பிக் கிளிப்பை விடுவித்தால் பல்பு வந்துவிடும். புதுப் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். தவறிப் பட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். எச்4 பல்பில் மூன்று காதுகள் இருக்கும். அகலமான காது மேலே வர வேண்டும். சரியாக உட்காராமல் கிளிப் போட்டால் வெளிச்சம் ரோட்டுக்குப் போகாமல் மரக்கிளைக்குப் போகும். எத்தனையோ வண்டிகள் ரோட்டில் அப்படித்தான் ஓடுகின்றன.

லைட் செட்டிங்

பல்பு மாற்றினாலும், முன்பக்கம் இடித்து பம்பர் வேலை நடந்தாலும் செட்டிங் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலான ஒர்க்‌ஷாப்பில் கேட்டால்தான் பார்ப்பார்கள். நீங்களே செய்யலாம்.

சமதரை, எதிரே சுவர். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், டாஷ்போர்டில் லைட்டை ஏற்றி இறக்கும் உருளை இருந்தால் 0-வில் வையுங்கள். காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு ஹெட்லைட்டின் மையத்தையும் சுவரில் டேப்பால் குறியுங்கள். பிறகு நேராக 5 மீட்டர் பின்னால் எடுங்கள். ஹெட்லைட்டின் மேலேயோ அருகிலோ 1.0 அல்லது 1.2 சதவீதம் என்று ஒரு எண் பொறித்திருக்கும். 1.0 என்றால் 5 மீட்டரில் 5 செ.மீ. கீழே இறங்க வேண்டும் என்று பொருள். மையக் குறிகளுக்கு 5 செ.மீ. கீழே ஒரு கிடைக்கோடு ஒட்டுங்கள். லோ பீம் போட்டு, ஒரு லைட்டுக்கு முன்னால் அட்டையை நிறுத்தி மறைத்து, மற்றதைப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலது பக்கம் தட்டையாகவும், இடது பக்கம் மேல்நோக்கிச் சரிந்தும் இருக்கும். தட்டையான பகுதி அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். சரிவு தொடங்கும் முனை மையக் குறிக்கு நேர் கீழே வர வேண்டும். ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் திருகுகளை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

5 செ.மீ.தானே என்று விட்டுவிட முடியாது. தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கும் லைட் 1 சதவீதம் இறங்கினால் அதன் விளிம்பு 65 மீட்டரில் ரோட்டைத் தொடும். சுவரில் இன்னும் 5 செ.மீ. இறங்கிவிட்டால் 32 மீட்டரிலேயே முடிந்துவிடும். 5 செ.மீ. ஏறிவிட்டால் ரோட்டைத் தொடவே தொடாது. எதிரே வருபவர் கண்ணுக்குத்தான் போகும். 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்குக் கூசாதபடி லைட் இறங்கியிருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 106-ஆம் விதியே சொல்கிறது. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகக் கிளம்பினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். அந்த உருளையை 2-லோ 3-லோ வைக்க வேண்டியது அப்போதுதான். அது எதற்கு என்றே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

இடது பக்கச் சரிவு, நாம் இடது பக்கம் ஓட்டுவதற்காகவே அமைந்தது. வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த ஹெட்லைட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டால், அந்தச் சரிவு எதிரே வருபவர் முகத்தில் விழும்.

எல்.இ.டி., 100 வாட் ஆசைகள்

மங்கலான லைட்டுக்கு மருந்தாகக் கடைகளில் இரண்டு விற்கிறார்கள். ஒன்று 90/100 வாட் பல்பு. தொழிற்சாலை ஒயரும் ஸ்விட்சும் 55, 60 வாட்டுக்குச் செய்தவை. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். அது விதிக்குப் புறம்பானதும்கூட. இன்னொன்று, ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் செருகும் எல்.இ.டி. பல்பு. ரிஃப்ளெக்டரின் வளைவு, ஹாலஜன் இழை இருக்கும் துல்லியமான புள்ளியை வைத்துச் செய்தது. எல்.இ.டி. சில்லு அந்த இடத்தில் அப்படியே அமைவதில்லை. வெளிச்சம் சிதறி, வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளை வெளேர் என்று இருக்கும். நமக்கு அது பிரமாதமாகத் தோன்றும். ஆனால் அந்த வெள்ளைக்குக் கண் பழகிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். என் ஆலோசனை: தரமான சாதாரண 60/55 பல்பு ஜோடி, பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் எடுக்கும் ரிலே ஒயரிங் கிட், சரியான செட்டிங். என் வண்டியில் இதுதான் செய்தேன். போன வெளிச்சம் அத்தனையும் திரும்பி வந்தது.

கம்பெனியே எல்.இ.டி. ஹெட்லைட் கொடுத்த கார் என்றால் வீட்டில் செய்ய அதிகம் இல்லை. பல வண்டிகளில் உள்ளே தனிப் பல்பு கிடையாது; கெட்டால் முழு ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டிவரும். வாரன்டி முடியும் முன் ஒரு முறை நன்றாகச் சோதித்துவிடுங்கள்.

கண்ணும் கண்ணாடியும்

முன் கண்ணாடியின் உட்புறம் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இரவில் ஒவ்வொரு வெளிச்சத்தையும் சிதறடிக்கும். மாதம் ஒரு முறை உள்ளேயும் துடையுங்கள். மஞ்சள் இரவுக் கண்ணாடி வேண்டாம், அது இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும். 60 வயதில் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான். எதிர் வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்று அப்பா சொன்னால், ஹெட்லைட்டைப் பார்க்கும் முன் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கண்புரையாக இருக்கலாம்.

ஓடும்போதே லைட் போய்விட்டால்

பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். உடனே டிப்பர் தண்டை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். அப்படி இழுத்தால் எரியும் பாஸ் லைட் பல கார்களில் ஹெட்லைட் ஸ்விட்சைத் தாண்டி வேலை செய்யும், எனவே எரிய வாய்ப்பு உண்டு. எரியவில்லையென்றால் ஹை பீம், ஃபாக் லைட், பார்க்கிங் விளக்கு, ஹசார்ட் என்று கைக்கு எட்டியதையெல்லாம் போடுங்கள். ஹசார்டின் மினுக்கலில்கூட இடது ஓரத்து வெள்ளைக் கோடு தெரியும். அதைப் பிடித்தபடி தார் ரோட்டை விட்டு முழுதாக இறங்கி நிறுத்துங்கள். பாலத்தின் மேலோ வளைவிலோ நிற்க வேண்டாம்.

எல்லோரும் இடது பக்கமாக இறங்கி, ரோட்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். குழந்தைகளைக் காருக்குள் விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடாதீர்கள். நிற்கும் காரில் பின்னாலிருந்து மோதுவதுதான் நெடுஞ்சாலையில் பெரிய பயம். ஸ்டெப்னி பக்கத்தில் மடித்து வைத்திருக்கும் சிவப்பு முக்கோணத்தை எடுத்து, குறைந்தது 50 மீட்டர் பின்னால், அதாவது நடந்தால் எழுபது தப்படிக்கு அப்பால் வையுங்கள். டார்ச்சைப் பின்னால் வரும் வண்டிகள் பக்கம் காட்டிக்கொண்டே நடங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 அழைத்தால் ரோந்து வண்டி வரும். மற்ற ரோடுகளில் 112.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு என் டாஷ்போர்டுப் பெட்டியில் எப்போதும் இருப்பவை: துணியில் சுற்றிய எச்4 பல்பு ஒரு ஜோடி, 10, 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டிரண்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர், தலையில் மாட்டும் டார்ச், ஒரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒரு சுருளும் வைத்திருக்கிறேன். வழியில் டீக்கடையில் நிற்கும் டிராக்டர்காரரிடம் கேட்டுவிட்டு, டிரெய்லரின் பின் பலகையில் இரண்டு துண்டு ஒட்டிவிட்டு வருவேன். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.